லோக்கல் கார்டியன்

காரைக்கால்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முருகானந்தம் எழுதுவது. நான், சுகிர்தா, சிவக்குமார் மூன்று பேரும் சௌகரியம். உன் முட்டிவலி குறைந்ததா? மாஹேயில் மழை ஓயவே இல்லை என்று செய்தியில் காட்டினார்கள். ஆபீஸ் போகும்போது வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்.

உனக்குக் காது மந்தமான பிறகு ஃபோனில் நான் கத்துவது பாரதியார் வீதி முழுக்கக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் கட்டை விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. அதனால் கடிதமே மேல்.

நல்ல செய்தி ஒன்று. உன் பெண் நித்யஸ்ரீ படிக்கிற பல்கலைக்கழக வளாகத்துக்கு வெள்ளி விழா வருகிறது. பந்தல், மேடை, சேர், பாத்திரம் எல்லாம் நம்ம கடைதான். நேற்று நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் பந்தக்கால் நட்டோம். பதிவாளர் அம்பலவாணன் மனைவியோடு வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தன் கையாலேயே மூங்கிலைக் குழியில் இறக்கினார். படித்த மனுஷன், கூச்சப்படுவார் என்று நினைத்தேன். “எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அழகா நடலைங்க” என்றார்.

நித்யாவைப் பார்த்தேன். உடம்பு இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை. பெண்கள் விடுதியை விருந்தினர் மாளிகை ஆக்கப் போகிறார்களாம். ஜனவரியிலிருந்து பெண்கள் ஊருக்குள் இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவளுக்கு அதில் ஏகக் கோபம். எனக்கு அதில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. நம் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது? விடுதி ஃபாரத்தில் லோக்கல் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தானே? சுகிர்தா அதற்குள் ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டாள். சிவா ஒன்றும் சொல்லவில்லை. அவன் என்றைக்குச் சொல்லியிருக்கிறான்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
முருகானந்தம்

*

மாஹே
30.8.2024

தம்பி முருகானந்தத்துக்கு அக்காவின் ஆசி.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. இங்கே மின்துறை ஆபீசில் என்னைத் தவிர எல்லோரும் மலையாளம். காது கேட்காதது ஒரு வகையில் சௌகரியம், கேட்டாலும் பாதிதான் புரியும்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்ததைப் படித்து நிம்மதியாக இருந்தது. தாய்மாமன் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அவளை விடுதியில் விட்டதே அவள் பிடிவாதத்தால்தான். “ஊர் என்ன நினைக்கும்மா?” என்று கேட்டாள். என்ன நினைக்கும்? அவள் பிறந்த அன்றைக்கே ‘சிவாவுக்குப் பொண்ணு பொறந்துட்டா’ என்று ஆஸ்பத்திரி வாசலில் மிட்டாய் கொடுத்தவன் நீ. நான்தான் இது வரை ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அவள் அங்கே வந்து கொஞ்ச காலம் இருக்கட்டும். தானாகப் பழகிவிடும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் எம்.எஸ்ஸி. முடிக்க வேண்டும். அவள் அப்பா போன பிறகு கருணை வேலை என்று கொடுத்து எங்கெங்கோ மாற்றுகிறார்கள், நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் அதற்காகத்தான்.

சுகிர்தாவை விசாரித்ததாகச் சொல்.

திரிபுரசுந்தரி

*

காரைக்கால்
14.9.2024

அன்புள்ள அக்கா,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பயப்படாமல் படி.

புதன்கிழமை வெள்ளி விழா. மந்திரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் விடுதிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வரவேற்கத்தான் வருகிறார்கள் என்று நானே சேரை ஒதுக்கி வழி விட்டேன். நேரே நிர்வாகக் கட்டடத்துக்குள் போய், கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். விடுதியை மூட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கிற வரை எழுந்திருக்க மாட்டார்களாம். மந்திரி பாதி வழியில் திரும்பிவிட்டார். சமைத்த சாப்பாடு ஆறிப் போனது. பெண்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஆதரவுக்கு வந்த பையன்களும் சமையலும் என் பந்தலில். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது உன் மகள்.

மறுநாள் போய்த் திட்டினேன். “ஏண்டி, ஆபீஸ் என்ன சத்திரமா, பாய் போட்டுப் படுக்க?”

“விடுதியை அவங்க சத்திரமாக்கறாங்க மாமா. அதான் ஆபீசை நாங்க விடுதியாக்கிட்டோம்.”

பக்கத்தில் அல்லி என்று ஒரு பெண். கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, நித்யாவின் அறைத் தோழி. “மாமா, திட்டறதா இருந்தா உள்ள வந்து திட்டுங்க, வெயில் படுது பாருங்க” என்று ஒரு சேரை நகர்த்திப் போட்டாள். என் கடைச் சேரையே எனக்கு உபசாரம் பண்ணுகிறாள்.

உட்கார்ந்தேன். “இத்தனை பேருக்குக் கக்கூஸ் எத்தனைடி?”

“ரெண்டு மாமா.”

“சாவி யாருகிட்ட?”

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். “வாட்ச்மேன்கிட்ட.”

“அவன் பூட்டிட்டுப் போனான்னா உங்க போராட்டம் அன்னிக்கே முடிஞ்சுது. கல்யாண மண்டபத்துல நான் முதல்ல கேட்டு வாங்கற சாவி அதுதான்.”

திட்டப் போனவன் இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. தொழில் புத்தி.

சாயங்காலம் பதிவாளர் கூப்பிட்டார். அவர் புதன்கிழமையிலிருந்து வீட்டிலேயே ஆபீஸ் நடத்துகிறார். “பந்தலைப் பிரிச்சிடுங்க முருகானந்தம். சமைக்க இடமில்லேன்னா தானா கலைவாங்க” என்றார். “பிரிச்சிடலாம் சார். ஆனா கால் நட்டவர் வந்து முதல்ல காலைப் பிடுங்கித் தரணும். விசேஷம் முடியாம நாங்களா கை வச்சா நட்ட குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க ஆளுங்க தொட மாட்டாங்க” என்றேன். அவருக்கு இரண்டு பக்கமும் இடி. வந்தால் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள், வராமல் ஆள் விட்டுப் பிரித்தால் வீட்டம்மா சும்மா விடமாட்டார். ஃபோனை வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம்.

கவலைப்படாதே. பசித்தால் நம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முருகானந்தம்

*

காரைக்கால்
22.9.2024

அம்மா,

நான் நல்லா இருக்கேன். காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. கொசு மட்டும் உண்டு. நீ மழையில நனையாதே.

மாமா வந்து திட்டினார். மறுநாள் ரெண்டு பெரிய தண்ணி டிரம் வந்தது. யார் அனுப்பினாங்கன்னு கேட்டா, “விழாவுக்குன்னு வந்தது, திருப்பி எடுக்க லேட்டாகுது”ன்னு சொல்லிட்டார். காலையில கூடத்துலயே பாடம் படிக்கிறோம். ரெண்டு மேடம் வந்து வகுப்பே எடுத்தாங்க. பேர் எழுத மாட்டேன்.

அல்லி வீடு இங்கிருந்து பஸ்ல கொஞ்ச தூரம்தான். ஆனா ஒரே அறையில எட்டுப் பேர். விடுதி போச்சுன்னா அவ படிப்பும் போச்சு. ஏனாம்ல இருந்து வந்த பொண்ணுங்களுக்கு ஊர்ல வீடு தர மாட்டேங்கறாங்க. இதெல்லாம் மேடையில பேசறதுக்கு.

உனக்கு மட்டும் எழுத இன்னொண்ணு இருக்கு. மாமா வீட்டு மாடி அறையைப் பார்த்தேன். அத்தை ஜன்னலுக்குப் புதுத் திரைகூடப் போட்டிருக்காங்க. சிவா அத்தான் மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நான் மாடியில இருந்தா அவர் கடையிலயே படுத்துக்குவார், அவ்வளவு மரியாதைக்காரர். ஆனா ஒரு வருஷம் அந்த வீட்டுப் படியை ஏறி இறங்கிட்டு, அப்புறம் நான் இல்லேன்னு சொன்னா அவருக்கு அவமானம், மாமாவுக்கு அவமானம், உனக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்னு போகும். சரின்னு சொன்னாலும் அது நான் சொன்னதா இருக்காது, வீடு சொன்னதா இருக்கும். விடுதியில இருக்கிற வரைக்கும் ரெண்டு பதிலும் என் கையில இருக்கு.

இதை மாமாகிட்ட சொல்லிடாதே. அவர் மனசு கஷ்டப்படும்.

உன்
நித்யா

*

மாஹே
30.9.2024

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

பந்தல் உன்னுடையது, தண்ணீர் உன்னுடையது. பெண்ணைத் திட்டப் போய், கக்கூஸ் சாவிக்கு யோசனை சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். நீ யார் பக்கம்?

நித்யா எழுதியிருந்தாள். கொசு அதிகமாம். வேறு ஒன்றும் இல்லை.

ஒன்று முடிவாகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் நான் வாய் திறக்காதது நடக்கிறது நடக்கட்டும் என்றுதான். இப்போது சொல்கிறேன், சிவாவுக்குக் கொடுக்க எனக்குப் பூரண சம்மதம். தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் அவளை அந்தக் கட்டடத்திலிருந்து எழுப்பி உன் வீட்டுக்குக் கொண்டுபோ. போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் படிப்பும் போகும், கல்யாணமும் போகும்.

திரிபுரசுந்தரி

*

காரைக்கால்
19.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்திரமாக இருக்கிறது. சம்மதம் என்று நீ எழுதின வரியை சுகிர்தா மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். அன்றைக்கே கேசரி கிண்டி அக்கம்பக்கம் கொடுத்துவிட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, மழை நல்லா பெய்யுதுல்ல, அதுக்குத்தான் என்றாளாம்.

மழை நிஜமாகவே பிடித்துவிட்டது. பந்தல் துணியை எடுத்துவிட்டுத் தகரம் போட்டேன். நனைந்தால் நாறுவது என் துணிதானே.

பதிவாளர் வந்தார். வீட்டம்மாவும் கூட. காலைப் பிடுங்குவதற்குத்தான் வந்தார்கள். பெண்கள் கத்தவில்லை, மறிக்கவில்லை. அல்லிதான் டீ கொண்டுவந்து வைத்து, “உக்காருங்க சார், மூங்கில் ஈரமா வழுக்குது, பிடுங்க வராது” என்றாள். உட்கார்ந்தவர் டீ ஆறிய பிறகும் பேசிக்கொண்டிருந்தார். விழா நாளுக்குப் பிறகு அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒன்றும் தீரவில்லை. ஆனால் காலைப் பிடுங்காமல்தான் போனார்.

வளாகத்திலிருந்து எல்லாக் கார்டியன்களுக்கும் ஒரு காகிதம் வந்திருக்கிறது. ‘இந்த மாணவி உடனே கட்டடத்தை விட்டு வெளியேறி, ஜனவரி முதல் தங்க வேறு இடமில்லாததால் என் வீட்டில் தங்குவார்’ என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் நவம்பர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. நவம்பர் நாலு கடைசி நாள். நல்லதாகப் போயிற்று. ஒரு கையெழுத்தில் நீ கேட்டதும் நடக்கும், நான் நினைத்ததும் நடக்கும்.

இந்த வாரத்துக்குள் போட்டுவிடுகிறேன். வளாகத்து விளையாட்டு விழாவுக்கு வேறு கடையைச் சொல்லிவிட்டார்கள். போகட்டும், ஐப்பசியில் எனக்கு முகூர்த்தம் நிறைய.

முருகானந்தம்

*

மாஹே
26.10.2024

தம்பி,

எல்லோருக்கும் தீபாவளி ஆசிகள். சிவாவுக்குச் சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டாயா? ஒரு வரி எழுது.

அக்கா

*

காரைக்கால்
6.11.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். சட்டைத்துணி சிவாவுக்குப் பிடித்திருக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை.

நீ இந்த இடத்தில் காகிதத்தைக் கசக்குவாய் என்று தெரியும். கசக்கிவிட்டு மறுபடி விரித்துப் படி.

போன வாரம் கடையில் பேனாவைத் திறந்துவிட்டேன். சிவா எதிரில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தான்.

“அப்பா, அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?”

“படிக்காமலா கையெழுத்துப் போடுவேன்?”

“தங்க வேற இடமில்லாததால்னு போட்டிருக்கு. வேற இடமில்லாம வர்ற பொண்ணை எனக்குக் கட்டி வச்சீங்கன்னா, நான் எப்படிப்பா அவ முகத்தைப் பார்ப்பேன்? நாளைக்கு ஒரு சண்டை வந்தா, நான் எங்க போறதுன்னு அவ கேக்க மாட்டாளா?”

“எப்படா இவ்வளவு பேசக் கத்துக்கிட்ட?”

“நீங்க பேச விட்டாத்தானே” என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

நான் வளாகத்துக்குப் போனேன். நித்யா கூடத்தில் உட்கார்ந்து அல்லிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். “மாமா வீடு உனக்குப் பிடிக்கலையாடி?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எப்போதும் பதிலைத் தயாராக வைத்திருக்கிற பெண் அவள். எனக்கு அது போதும்.

“ஹால் டிக்கெட் கிடைக்காது. தெரியுமில்ல?”

“தெரியும் மாமா. ஏப்ரல்ல சேர்த்து எழுதறேன். நீங்க போட்டீங்கன்னா நான் எழுந்து வந்துடுவேன். நிர்வாகத்து ஆளுங்க முன்னால உங்களைத் தலைகுனிய விடமாட்டேன்.”

வந்துவிடுவேன் என்றாள் பார், அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எதிர்த்திருந்தால் போட்டிருப்பேன்.

அக்கா, மூங்கில் சுமந்து ஆரம்பித்தவன் நான். என் கண்ணுக்கு முதலில் லாபம்தான் தெரியும். இந்தக் காகிதத்தில் எனக்கு முழு லாபம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒன்று பார்த்திருக்கிறேன். ஊரில் மற்ற கடையெல்லாம் மூடியிருந்ததால் என்னிடம் வந்தவன் அடுத்த விசேஷத்துக்கு என் பக்கம் திரும்பினதே இல்லை. வாடகைச் சாமானுக்கே அப்படி. அந்த கார்டியன் ஃபாரத்தை எடுத்து மறுபடி படித்தேன். மாணவியின் நலனுக்குப் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. முருகானந்தம் வீட்டு நலனுக்கு என்று எங்கேயும் இல்லை.

அவள் மனசில் இருப்பதை உனக்கு எழுதியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம். எழுதியிருந்தால், எனக்கு நீ சொல்லாமல் விட்டதில் கோபம் இல்லை. நீயும் அங்கே தனியாக இருக்கிறாய்.

சுகிர்தாதான் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

பதில் போடு.

முருகானந்தம்

*

காரைக்கால்
17.1.2025

அன்புள்ள அக்காவுக்குப் பொங்கல் வணக்கம்.

நவம்பரில் எழுதினதற்கும் பதில் இல்லை, டிசம்பரில் எழுதினதற்கும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நித்யாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். பொங்கல் சீர் அனுப்பினேன். திரும்பி வரவில்லை. அந்த மட்டில் சரி.

வளாகத்து விஷயம் மார்கழியில் முடிந்தது. விடுதியில் கீழ்த்தளமும் முதல் மாடியும் பெண்களுக்கே என்று எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். மேல் மாடி மட்டும் விருந்தினருக்கு. பெண்கள் முழுசும் கேட்டார்கள், கிடைத்தது இவ்வளவு. நானாக இருந்தாலும் அந்த விலைக்கு முடித்திருப்பேன். எழுந்து போகும்போது கூடத்தைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார்கள். பதிவாளர் வந்து காலைப் பிடுங்கினார். அவரால் முடியவில்லை, அல்லியும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து இழுத்தார்கள்.

கையெழுத்துப் போடாத கார்டியன்களின் பெண்களுக்கு நவம்பர் பரீட்சை போனது போனதுதான். நித்யாவும் அதில் ஒருத்தி. ஏப்ரலில் இரட்டைப் பாரம். அதற்கு நான் காரணம், நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எதையாவது சொல்.

சிவாவுக்கு நெடுங்காட்டிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. விவசாயக் குடும்பம், பெண் ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கிறாள். “முறைப்பொண்ணு இருக்கும்போது வெளியில ஏன் பாக்கறீங்க? அங்க சம்மதம் கேட்டாச்சா?” என்று கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கிறதுதான். நான் பதில் சொல்லாமல் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

முருகானந்தம்

*

மாஹே
18.2.2025

தம்பி முருகானந்தத்துக்கு,

முட்டிவலி தேவலை. சீர் வந்தது. மஞ்சள் கொத்து வாடாமல் வந்தது, கரும்பைத்தான் வழியில் யாரோ ஒரு கணு கடித்திருக்கிறார்கள்.

பரீட்சை போன கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். நவம்பர் கடிதத்தில் ஒரு சந்தேகம் என்று எழுதியிருந்தாய். சந்தேகம் சரி.

போன மாதம் நித்யாவிடம் நேராகவே கேட்டு எழுதினேன். இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. யோசித்து எழுதுவாள், நாளாகும் என்று நினைத்தேன். போன வேகத்தில் பதில் வந்தது. அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். சிவாவைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள், அதை அவனிடம் சொல்.

மார்ச் முதல் வாரம் லீவு கிடைத்திருக்கிறது. விடுதியில் அம்மாமார் இரண்டு நாள் தங்கலாமாம். நித்யா அறையில், அல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு மட்டும் உன் வீட்டுக்கு வருவேன். சுகிர்தாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல், மாடி அறையை வேறு யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்.

நெடுங்காட்டுக்காரர்கள் மறுபடி வந்தால், கேட்டாச்சு என்று சொல். அக்காவையா என்பார்கள். இல்லை, பொண்ணையே கேட்டாச்சு என்று சொல்.

உன் அக்கா,
திரிபுரசுந்தரி